பரீட்சைக்கு எந்த இங்கிலீஷ்?

1

விடுமுறைக்குத் திருவண்ணாமலை வந்துவிட்டு நாங்கள் நைஜீரியா திரும்பியதும் திரும்பாததுமாகக் கேள்விகள் துரத்திக்கொண்டு வந்துவிட்டன. எல்லாம் ஒரே கேள்விதான். மகள் மலரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாகச் சொல்லித்தானே வந்தீர்கள், ஏன் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விட்டீர்கள்? கேட்கிறவர்களில் பாதிப்பேர் மலரின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் படிப்பைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் கவலை, அடேயப்பா, பெற்றவளான எனக்கே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை கிடையாது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கோபப்படுகிறவர்கள் தாராளமாகக் கோபப்படலாம்.

முதல் கோபக்காரர் என் கணவரின் அண்ணன். தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். குடும்பத்தில் அவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை, நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வரும்வரை. மலரைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைப்பது என்பது அவர் முடிவு.

"பொம்பளைப் புள்ளை நம்ம கண்ணெதிர்ல வளரணும். அங்கயே வுட்டா யாரு, இன்னான்னு தெரியாமப் பூடும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் சம்பத், வழக்கம்போல், "அண்ணன் சொல்றது நியாயம்தான்" என்றார்.

எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. மூன்று வயதில் தூக்கிக்கொண்டு போன குழந்தை, இப்போது பதினொன்று. என்னிடம் இங்கிலீஷ் பேசுகிறாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளோடு அந்த ஊர் மொழியான ஹவுஸா பேசுகிறாள். தமிழ் பசிக்கும்போதும் அழும்போதும் மட்டும் வருகிறது. தேரடித் தெருவில் ஒரு தெருநாயைப் பார்த்து ஹவுஸாவில் அதட்டினாள். அந்த நாய்க்குப் புரிந்ததோ இல்லையோ, வேடிக்கை பார்த்த ஜனம் வாயைப் பிளந்தது. பெரியப்பா எதைச் சொன்னாலும் "ஏன் பெரியப்பா?" என்று கேட்டாள். கடை முன்னால் நிற்காதே என்றால் ஏன். சத்தமாகச் சிரிக்காதே என்றால் ஏன். இரண்டே நாளில் அவர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"கேள்வி ஜாஸ்தி, மரியாதை கம்மி. நம்ம ஸ்கூல்ல போட்டா எல்லாம் சரியாயிடும்."

நம்ம ஸ்கூல் என்று அவர் சொன்னது, நான் ஒன்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்த அதே பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே என்ன நடக்கும் என்பது அவரைவிட எனக்குத்தான் தெரியும்.

2

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் நடத்திய அழகைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைப் பிரித்து ஒரு வரியை இங்கிலீஷில் படிப்பேன். மூச்சு வாங்கிக்கொண்டு "அதாவது" என்பேன். அதாவதுக்குப் பிறகு எல்லாம் தமிழ். ஷெல்லியானாலும் தவளைக் கதையானாலும் அதாவதுதான். பாடம் முடிந்ததும் "புரிஞ்சிதா?" என்பேன். "புரிஞ்சிது டீச்சர்" என்று அறுபது பெண்களும் ராகமாக இழுப்பார்கள். பிறகு கேள்விக்கு விடை எழுதிப்போடுவேன், அவர்கள் நெட்டுருப் போடுவார்கள். பரீட்சையில் பாஸ் ஆவார்கள். நான் நல்ல டீச்சர் என்று பெயர் எடுத்தேன். இப்படித்தான் எனக்கும் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு இன்னொருத்தி.

இங்கிலீஷ் பட்டதாரியான நான் முழுசாகப் பத்து நிமிஷம் இங்கிலீஷ் பேசியது கிடையாது. பேச வேண்டிய அவசியமும் வந்ததில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் போனால் வெள்ளைக்காரர்கள் வேட்டியும் துண்டுமாக நடமாடுவார்கள். எதிரில் ஒரு வெள்ளைக்காரி வருகிறாள் என்றால் நாங்கள் நான்கு டீச்சர்களும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டின் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவோம். எங்கே வழி கேட்டுத் தொலைப்பாளோ என்று பயம். தாண்டிய பிறகு அவள் உடுத்தியிருக்கும் லட்சணத்தைப் பற்றித் தமிழில் சிரித்துக்கொள்வோம். அதில் மட்டும் எங்களுக்குத் தடுமாற்றமே வராது.

எழுபதுகளின் கடைசியில் நைஜீரியாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மெட்ராஸ் போய் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்தேன். நான் புண்ணியம் செய்தவள். என்னைப் பேசவிடாமல் அவர்களே பேசினார்கள். நான் சிரித்தேன், நடுநடுவே "எஸ் சார்" என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

"பொண்டாட்டி சம்பாத்தியத்துல ஏரோப்ளேன் ஏறப் போறியாடா?" என்று தம்பியைக் கேட்டார் மூத்தார். பிறகு என் காதில் விழும்படியாக, "ஆறு மாசத்துல மூட்டை கட்டினு வந்து நிக்கப் போறாங்க. அப்ப பாத்துக்கலாம்" என்றார். சம்பத் கூட்டுறவுச் சங்க வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். விமானத்தில் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி வர வேண்டியதாகிவிட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன மிஞ்சும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆயுசுக்கும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டே சோறு வடிக்க வேண்டும்.

3

வடக்கு நைஜீரியாவில் ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே பெண்கள் விடுதிப் பள்ளி. தகரக் கூரை போட்ட நீளக் கட்டடங்கள், நடுவில் வரிசையாக வேப்பமரங்கள். வேப்பமரத்தைப் பார்த்து எனக்கு வந்த அசட்டுத் தைரியத்தை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. வேம்பு எங்கே இருந்தால் என்ன, அது எனக்காக இங்கிலீஷ் பேசப் போகிறதா?

தலைமையாசிரியை மெக்கா போய் வந்தவர். எல்லோரும் ஹாஜியா என்றுதான் கூப்பிட்டார்கள். அகலமான முகம், மெதுவான பேச்சு.

"உங்கள் முதல் பாடத்தை நான் உட்கார்ந்து கேட்பேன். அதன் பிறகுதான் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவேன். சரியில்லை என்றால் திரும்பிப் போக டிக்கெட் கொடுத்துவிடுவார்கள். இது எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான்" என்றார்.

வகுப்பில் நுழைந்தேன். மாணவிகள் எல்லோரும் சட்டென்று பெஞ்சுக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கித் தாழ்ந்தார்கள். தரையில் எதையோ தேடுகிறார்கள் என்று நினைத்து நானும் குனிந்து பார்த்தேன். அது அவர்கள் வணக்கம் சொல்லும் முறை என்று பிறகுதான் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்த பிறகும் யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. பெரியவர்களின் கண்ணைப் பார்த்தால் அங்கே மரியாதைக் குறைவு. ஹாஜியா கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஒரு குடும்பம் ரயிலில் போகிற பாடம். முதல் பத்தியைப் படித்தேன். படிப்பதில் எனக்குக் குறை சொல்ல முடியாது, ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். பத்தி முடிந்தது. புத்தகத்தைத் தாழ்த்தினேன். மூச்சு வாங்கினேன்.

"அதாவது புள்ளைங்களா, ரயிலு வந்து நின்னுடுச்சு. ஜனம் ஜாஸ்தி. உக்கார எடம் கம்மி. அந்த அம்மா இன்னா பண்றா, மூட்டைய ஜன்னல் வழியா உள்ள போட்டுட்டு…"

நம்புகிறவர்கள் நம்புங்கள். எனக்குத் தெரியவே இல்லை. ஒன்பது வருஷம் நுகத்தடியில் பழகிய மாடு, வண்டியை அவிழ்த்துவிட்ட பிறகும் அதே தடத்தில்தான் நடக்கும். அன்று என்னவோ பாடம் பிரமாதமாக வந்தது. ரயிலில் இடம் பிடிக்க ஓடினேன், கைக்குழந்தையை அழவைத்தேன், டிக்கெட் பரிசோதகர் மாதிரி அதட்டினேன். திருவண்ணாமலையில்கூட அவ்வளவு நன்றாக நான் நடத்தியதில்லை. மாணவிகள் தலை குனிந்து, அசையாமல் கேட்டார்கள். என்ன ஒழுக்கம் என்று எனக்குப் பூரிப்பு. அடுத்த பத்தியைப் படித்தேன், மறுபடியும் அதாவது. கடைசியில் "புரிஞ்சிதா?" என்று கேட்டேன்.

"எஸ், மா" என்றது வகுப்பு, ஒரே ராகமாக.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்போதுதான் நடு வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஒல்லியான பெண், தலையில் நீல முக்காடு. பெயர் ரக்கியா. எழுந்து நின்று, தரையைப் பார்த்தபடியே, சுத்தமான இங்கிலீஷில் கேட்டாள்.

"மா, பரீட்சைக்கு எந்த இங்கிலீஷ் வரும்? நீங்கள் முதலில் படித்ததா, பிறகு பேசினீர்களே, அந்த இரண்டாவது இங்கிலீஷா?"

என்ன இரண்டாவது இங்கிலீஷ் என்று நான் எரிச்சலோடு கேட்கப் போனேன். வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது.  அவளோ எனக்கு ஆறுதல் சொன்னாள். அதுதான் பெரிய கொடுமை.

"பரவாயில்லை, மா. போன வருஷம் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு சார் வந்தார். அவர் இங்கிலீஷும் எங்களுக்கு ஒரு டெர்ம் புரியவில்லை. அதற்கு முன்னால் வந்த பாகிஸ்தான் மேடம் பேசியதும் புரியவில்லை. பிறகு பழகிவிட்டது. உங்களுடையது இன்னும் கொஞ்சம் கஷ்டம். ஆனால் பழகிக்கொள்வோம்."

ஹாஜியா என்னைத் தன் அறைக்கு அழைத்துப்போனார். அது என்ன மொழி என்று கேட்டார். என் தாய்மொழி என்றேன். "உங்கள் ஊரில் ஆங்கிலத்தை அந்த மொழியில்தான் நடத்துவீர்களா?" என்றார். ஆமாம் என்றேன். எவ்வளவு காலமாக என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"அத்தனை வருஷத்தில் ஒரு பெண்கூடக் கை தூக்கவில்லையா?"

 

அவர் எனக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார். "மாதக் கடைசியில் ரக்கியாவைக் கேட்பேன். புரிகிறது என்று அவள் சொன்னால் நீங்கள் இருக்கலாம்" என்றார். பதினான்கு வயதுப் பெண் எனக்குச் சர்டிபிகேட் கொடுக்க வேண்டுமாம்.  நான் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விற்ற மணிலாக்கொட்டைக்காரர் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி மிதித்தவள் என்றெல்லாம் மனசுக்குள் கத்தினேன். அந்த மாதம் முழுக்க ஸ்டவ்விடமும் சுவரிடமும் இங்கிலீஷ் பேசினேன். வகுப்பில் திக்கித் திணறினேன். தினமும் ரக்கியாவின் கை உயர்ந்தது. "மா, புரியவில்லை" என்பாள். நான் வேறு மாதிரி சொல்வேன். மறுபடியும் கை. அந்தக் கையை ஒடித்தால் என்ன என்றுகூட நினைத்திருக்கிறேன். எனக்கு இங்கிலீஷ் பேச வந்தது என்றால் அது அந்தக் கையால்தான். மாதக் கடைசியில் அவள் என்ன சொன்னாள் என்பதை நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்பதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த முதல் பாடம் நடத்திய அன்று வீட்டுக்குப் போனதும் சம்பத் எப்படி இருந்தது என்று கேட்டார். பிரமாதம் என்றேன். அவர் அதை இன்னும் கொஞ்சம் ஊதி அண்ணனுக்கு எழுதிப் போட்டார். ஆகவே ஊரில் நான் 'ஆப்பிரிக்காவுக்கே இங்கிலீஷ் கத்துக்குடுத்தவ' ஆகிவிட்டேன்.

4

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்கள் யாராவது ஒருவருடைய குவார்ட்டர்ஸில் கூடுவது வழக்கம். சாம்பார், அப்பளம், கேசட்டில் பாட்டு. சாப்பிட்டு முடித்ததும் பேச்சு எப்போதும் ஒரே இடத்துக்கு வரும். "நாம வரலைன்னா இதுங்களுக்கு ஏபிசிடி தெரியுமா?" என்பார் கணக்கு வாத்தியார் ஒருவர். ஐந்து வருஷமாகத் தன் வீட்டில் வேலை செய்யும் பையனின் முழுப்பெயர் அவருக்குத் தெரியாது. அவர் பேசும் இங்கிலீஷை நினைத்து நான் அப்பளத்தைக் கடித்துக்கொள்வேன்.

ஒருவர் விடாமல் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே இருந்தால் மரியாதை கெட்டுவிடுமாம், எதிர்த்துப் பேசுமாம். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் அந்தப் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மலரை மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். கேட்டுக் கேட்டு நானும் மனசு தளர்ந்துதான் இந்த விடுமுறையில் விண்ணப்பத்தோடு போனேன்.

5

பள்ளி ஆபீசில் கிளார்க் மலரின் நைஜீரியச் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது எந்த ஜில்லா?" என்றார். ஜில்லா இல்லை, வேறு தேசம் என்றேன். "அப்ப வேலூர் போயி கையெழுத்து வாங்கினு வரணும்" என்றார். வேலூரில் யாரிடம் என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதற்குத்தானே அந்த நாற்காலி.

தலைமையாசிரியை என்னோடு வேலை பார்த்தவர், எனக்கு சீனியர். செங்கம் ரோட்டில் எதிர்ப்பக்கம் தாண்டுகிறவர்களில் முதல் ஆள். வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"கையெழுத்து எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சரோஜா. நீ இன்னா சாதாரண ஆளா? எட்டாங் கிளாஸ் புள்ளைங்களுக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ்ல பேசிட்டுப் போயேன்" என்றார். "எங்க புள்ளைங்க தங்கம். வாயத் தொறக்காதுங்க."

மலர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார். அறுபது முகங்கள். நான் பேசிப் பேசித் தேய்ந்த அதே மேடை. ஒரு பெண்ணிடம் புத்தகம் வாங்கி, கைக்கு வந்த பாடத்தில் ஒரு பத்தி படித்தேன். புத்தகத்தைத் தாழ்த்தினேன். மூச்சு வாங்கினேன். எனக்குள் ஏதோ ஒரு குரங்கு புகுந்துகொண்டது.

விளக்கத்தை ஹவுஸாவில் ஆரம்பித்தேன்.

சந்தையில் தக்காளி பேரம் பேசிக் கற்ற ஹவுஸா. அதில் என்ன சொன்னேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. தக்காளி அழுகிவிட்டது, லாரி வரவில்லை, தண்ணீர் நின்றுவிட்டது என்றெல்லாம் கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. ஒரு கை உயரட்டும், ஒரே ஒரு கை போதும் என்று என் கண் வரிசை வரிசையாகத் தேடியது. எனக்கு விளையாட்டு விட்டுப்போயிற்று. அறுபது பெண்களும் என் முகத்தையே பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி தலையைக்கூட ஆட்டினாள்.

"குன் கானே?" என்று கேட்டு முடித்தேன். புரிந்ததா என்று ஹவுஸாவில் அர்த்தம். கேட்ட வார்த்தை தெரியாவிட்டால் என்ன, கேட்ட ராகம் தெரியுமே.

"புரிஞ்சிது டீச்சர்!"

ஒன்பது வருஷம் கேட்ட அதே இழுப்பு. வாசலில் தலைமையாசிரியைக்குப் பெருமை தாங்கவில்லை.  அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் என்ன செய்வார்கள்? இந்த ராகத்தை அவர்கள் அக்காக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்போது கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"அம்மா" என்று எழுந்து நின்றாள் மலர். அவளுக்குத் தெரிந்த தமிழை எல்லாம் திரட்டிக்கொண்டு கேட்டாள். "இவங்களுக்கு ஹவுஸா தெரியாது இல்ல? நீ தக்காளி பத்தித்தான சொன்ன? அப்புறம் ஏன் புரிஞ்சிதுன்னு பொய் சொல்றாங்க?"

 தலைமையாசிரியை எழுந்து உள்ளே வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பேசியது என்ன மொழி என்றுகூடக் கேட்கவில்லை. மலரிடம் போனார்.

"கையக் கீழ போடு. பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசலாமா? உக்காரு" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "கவலைப்படாத சரோஜா. ஒரு மாசம் எங்ககிட்ட வுடு. சரி பண்ணிடறோம்."

செய்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஒரு மாதத்தில் ஹாஜியா என்னைச் சரி செய்தார். அதே ஒரு மாதத்தில் இவர்கள் மலரைச் சரி செய்துவிடுவார்கள். மலர் கையை மெதுவாக இறக்கினாள். தான் செய்த தப்பு என்ன என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் கிளார்க்கிடம் போய்ச் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

6

வீட்டில் மூத்தார் காத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

"இன்னா கொறச்சல் அந்த ஸ்கூலுக்கு? நீ படிச்சது அது, நீ வேலை பாத்தது அது" என்றார். என்னோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று மலரைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். சம்பத் சுவரோரமாக நின்றுகொண்டார். குடும்ப மானம், பெண்பிள்ளை அடக்கம், நம்ம ஜனம், நம்ம பழக்கம், நாலு பேர் என்ன சொல்வார்கள், ஊர்விட்டு ஊர் போனாலும் மாறக்கூடாதது எது என்று அவர் ஆரம்பித்தார். குரலில் ஏற்ற இறக்கம் நன்றாகவே இருந்தது. எனக்கு அந்தக் குரல் பழக்கமானது. நான் பயந்துகொண்டு நின்றேன். மூத்தாருக்குப் பயந்து அல்ல. வகுப்பில் ஒருமுறை இறங்கிய கை இறங்கியதாகவே ஆகிவிட்டதோ என்றுதான்.

பேசி முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் மலரைப் பார்த்தார்.

"புரிஞ்சிதா?"



"புரியல, பெரியப்பா" என்றாள் மலர்.

சம்பத் இந்தத் தடவை அண்ணனுக்குத் தலையாட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரம் நாங்கள் மூன்று பேருமாகத்தான் விமானம் ஏறினோம்.